உதவி: நானே செய்த மடக்குக் கத்தியில் லைனர் லாக் நழுவுகிறது

மாந்தோப்பு
அனைவருக்கும் வணக்கம். மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவதற்காக நானே வரைந்து செய்த மடக்குக் கத்தியில் லைனர் லாக் வைத்திருக்கிறேன், அதாவது பக்கத் தகட்டிலிருந்து பிரிந்த வில் போன்ற நாக்கு, திறந்த அலகின் அடியில் வந்து முட்டி மடங்காமல் தடுக்கும் பூட்டு. திறக்கும்போது டிக் என்ற ஒலியுடன் நன்றாகவே பூட்டிக்கொள்கிறது. ஆனால் அலகின் முதுகில் கட்டைவிரலால் சற்று அழுத்தினாலே நாக்கு பக்கவாட்டில் நழுவி, கத்தி மடங்கிவிடுகிறது. நேற்று வரை ஓரளவு பிடித்தது. இன்று சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாக்கை இன்னும் கொஞ்சம் உள்நோக்கி வளைத்தும் பயனில்லை. அளவுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. வார இறுதிக்குள் முடித்தாக வேண்டும், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வெர்னியர்
அளவுகள் எல்லாம் சரி என்கிறீர்கள். அவற்றுள் ஒன்றையாவது எங்களுக்கும் சொல்லியிருக்கலாம். நாக்கு என்ன உலோகம், அதன் தடிமன் எவ்வளவு, அலகின் தடிமன் எவ்வளவு, நாக்கு வந்து முட்டும் இடத்தில் டேங்கின் (கைப்பிடிக்குள் இருக்கும் அலகின் அடிப்பகுதி) சரிவை எத்தனை பாகையில் தேய்த்தீர்கள், பூட்டிய நிலையில் நாக்கு அலகின் தடிமனில் எவ்வளவு தூரம் உள்ளே வந்து நிற்கிறது என்பதெல்லாம் தெரியாமல் காரணம் சொல்வது ஊகமாகத்தான் இருக்கும். கத்தியைத் திறந்து பூட்டிய நிலையில், அலகு மடங்கி உள்ளே போகும் வாய்ப்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டால் பாதிக் கேள்விகள் குறையும்.

மரக்கைப்பிடி
ஒட்டுக் கத்திக்கு லைனர் லாக் எதற்கு என்பதுதான் என் கேள்வி. பிரான்சின் ஒப்பினெல் கத்தி 1890-லிருந்து வருகிறது. 1955-இல் மார்செல் ஒப்பினெல் அதில் ஒரு எஃகு வளையத்தைச் சேர்த்தார். விரோப்ளாக் என்று பெயர். வளையத்தின் பிளவை ஒரு பக்கமாகத் திருப்பினால் அலகு மடங்க வழியில்லாமல் அடைபட்டுவிடும். அதற்கு வில்லும் வேண்டாம், பாகைக் கணக்கும் வேண்டாம். ஒரு மரப்பிடியும் கடைசல் இயந்திரமும் இருந்தால் போதும். இருக்கும் அலகை அப்படியே எடுத்துக்கொண்டு மரப்பிடிக்கு மாறிவிடுங்கள்.

பழைய இரும்பு
வளைத்தும் பயனில்லை என்பதைப் பார்த்தால், நாக்கு தாண்டிப்போய் எதிர்ப்பக்கத் தகட்டில் முட்டி நிற்கிறது என்று தோன்றுகிறது. அப்படியானால் தீர்வு எளிது: ஸ்டாப் பின்னை, அதாவது திறந்த அலகு வந்து முட்டி நிற்கும் முளையை, மாற்றுங்கள். 4 மி.மீ. பின் இருக்கும் இடத்தில் 4.2 மி.மீ. பின் போட்டால் அலகு முழுத் திறப்புக்குச் சற்று முன்பே நின்றுவிடும். டேங்கின் முகம் நாக்கை நோக்கி ஏறக்குறைய 0.1 மி.மீ. நகரும். கேட்பதற்குச் சிறிய அளவாக இருந்தாலும், 8 பாகைச் சரிவில் அது நாக்கை 0.7 மி.மீ. பின்னுக்குத் தள்ளிவிடும். நாக்கு தேய்ந்த கத்திகளை நான் இப்படித்தான் மீட்டெடுக்கிறேன்.

சாணைக்கல்
கேள்வி கேட்டவர் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் ஒருவர் பிடியை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பின்னை மாற்றச் சொல்கிறார். தம்பி, இந்தக் குழுவில் லைனர் லாக்கைப் பற்றி நான் எழுதியிருப்பதைத் தேடிப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. பூட்டு வடிவமைப்பு என்பது தகட்டை லேசரில் வெட்டிக் கொஞ்சம் வளைத்துவிடுவதோடு முடிகிற வேலை என்று நினைப்பவர்கள்தான் ஒவ்வொரு மாதமும் இதே கேள்வியோடு வருகிறார்கள். சரிவின் பாகையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு பேசலாம்.

உலைக்களம்
நண்பரே, நேற்று வரை பிடித்தது, இன்று பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற அளவுகளைக் காட்டிலும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இடையில் கத்திக்கு என்ன செய்தீர்கள்? தேய்த்தீர்களா, கழற்றிப் பூட்டினீர்களா, எண்ணெய் விட்டீர்களா?

மாந்தோப்பு
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நாக்கும் பக்கத் தகடும் ஒன்றே: 1.2 மி.மீ. எவர்சில்வர், 304 ரகம், கோவையில் லேசரில் வெட்டி வாங்கியது. அலகு டி2 எஃகு, 3 மி.மீ.; துவைச்சல் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) வெளியில் கொடுத்துப் போட்டது. சரிவைக் கிரைண்டரில் கண் அளவில் தேய்த்தேன், பத்து பன்னிரண்டு பாகை இருக்கலாம். நாக்கு பாதித் தடிமனைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. நேற்று இரவு துருப்பிடிக்காமல் இருக்கத் தையல் இயந்திர எண்ணெய் விட்டேன், வேறொன்றும் செய்யவில்லை. படம் நாளை போடுகிறேன்.

உலைக்களம்
அந்த எண்ணெய்தான் இன்றைய வேறுபாட்டுக்குக் காரணம். லைனர் லாக்கில் நாக்கு அலகைத் தன் வலிமையால் தடுத்து நிறுத்துவதில்லை. ஸ்டாப் பின்னுக்கும் நாக்கின் நுனிக்கும் இடையில் டேங் இறுகி நிற்கிறது, அந்த இறுக்கம் கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு போன்றது. ஆப்பின் சரிவு குறைவாக இருந்தால் எவ்வளவு தள்ளினாலும் அது வெளியே வராது. சரிவு கூடினால் தள்ளுகிற விசையே அதை வெளியே பிதுக்கிவிடும். எந்த இடத்தில் அது மாறுகிறது என்பதை உராய்வு முடிவு செய்கிறது: சரிவின் டேன்ஜென்ட் மதிப்பு உராய்வுக் குணகத்துக்குக் கீழே இருக்கும் வரை பூட்டு தானாகவே பிடித்துக்கொள்ளும். 12 பாகைக்கு அந்த மதிப்பு 0.21. உலர்ந்த உலோகத்தில் உராய்வு அதைவிட நன்றாகவே அதிகம் என்பதால் நேற்று வரை பிடித்தது. எண்ணெய் பூசிய எஃகின் மேல் எஃகு நகரும்போது குணகம் 0.15-ஐ ஒட்டி இறங்கிவிடலாம் என்பதால் இன்று நழுவுகிறது. 8 பாகைக்கு 0.14 என்று பார்த்தால், கத்தி செய்பவர்கள் பெரும்பாலும் ஏன் 7, 8 பாகையிலேயே நிற்கிறார்கள் என்பது புரியும். முகத்தைப் பெட்ரோலில் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்கினால் மறுபடியும் பிடிக்கும். ஆனால் எண்ணெய் பட்டால் நழுவுகிற பூட்டை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகாதீர்கள், மாம்பால் பட்டாலும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

சாணைக்கல்
உலைக்களம் சொன்னது சரி, ஆனால் பாதி. 304 என்பது பாத்திரக்கடைத் தகடு. அதைக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ போட்டுக் கடினமாக்க முடியாது. குளிர்நிலையில் உருட்டினால் மட்டுமே வில்தன்மை ஏறும். உங்களுக்குக் கிடைத்தது மென்மையாக்கிய தகடாகத்தான் இருக்கும். வளைத்தால் வளைந்த இடத்திலேயே நின்றுவிடும், திரும்ப அழுத்தாது. ஆகவே நாக்கை மேலும் வளைத்துப் பயனில்லை என்று நீங்கள் எழுதியது இயல்பே. அதற்கு மேல், கடினத்தன்மை அளவுகோலான ஹெச்ஆர்சியில் 60 அளவுக்குக் கடினப்படுத்திய டி2 முகத்தில் மென்மையான எவர்சில்வர் நுனி முட்டிக்கொண்டே இருந்தால் நுனி நசுங்கும். நுனியில் 0.05 மி.மீ. தேய்ந்தால் 8 பாகைச் சரிவில் நாக்கு 0.36 மி.மீ. முன்னேறும். இதனால்தான் முதலில் பாகை என்று கேட்டேன். படிக்காமல் பட்டறைக்குள் போகிறவர்களுக்கு ஒவ்வொன்றையும் இப்படித் தனித்தனியாக ஊட்ட வேண்டியிருக்கிறது.

நெம்புகோல்
ஊட்டுவதில் தவறில்லை அய்யா, எல்லோரும் ஒருநாள் தொடங்கியவர்கள்தானே. மாந்தோப்பு அவர்களுக்கு இன்னொன்று: நாக்கின் நுனி டேங்கில் எந்த இடத்தில் தொடுகிறது என்பதையும் பாருங்கள். அலகு சுழலும் அச்சாணியான பிவட்டிலிருந்து 80 மி.மீ. தள்ளி அலகின் முதுகில் 10 நியூட்டன் அழுத்தினால், அதாவது ஒரு கிலோ எடையளவுக்கு, பிவட்டைச் சுற்றி 800 நியூட்டன் மில்லிமீட்டர் திருப்புவிசை வருகிறது. நாக்கு பிவட்டிலிருந்து 7 மி.மீ. தொலைவில் தொட்டால் அதன் நுனியில் ஏறக்குறைய 114 நியூட்டன் விழும், 4 மி.மீ. தொலைவில் தொட்டால் அதுவே 200. கண் அளவில் தேய்த்த முகம் பெரும்பாலும் நடுவில் புடைத்திருக்கும், மேல் மூலையில் மட்டும் தொடும். முகத்தில் மார்க்கர் பேனா மையைப் பூசி, நான்கைந்து முறை திறந்து மூடிவிட்டு, மை அழிந்த இடம் எது என்று பாருங்கள். பிவட்டுக்குத் தொலைவான கீழ்ப்பக்கத்தில் அழிந்திருக்க வேண்டும்.

அதோடு, பிவட் துளையை லேசரில் வெட்டி அப்படியே விட்டீர்களா, ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) போட்டீர்களா? லேசர் துளை ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். அதில் பிவட் ஆடினால் சரிவு எத்தனை பாகையாக இருந்தாலும் அலகு மேலும் கீழும் ஆடத்தான் செய்யும்.

பழைய இரும்பு
லைனர் லாக்கைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கரே 1980-களில் டைட்டானியம்தான் பயன்படுத்தினார். ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் கலந்த கிரேடு 5 தகடு இப்போது இணையத்தில் வாங்கக் கிடைக்கிறது. எவர்சில்வரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வாங்குங்கள். கண்டுபிடித்தவர் சொன்ன வழியில் போவதுதான் நல்லது.

சாணைக்கல்
வாக்கர் கண்டுபிடித்தார் என்பது பாதி வரலாறு. பக்கத் தகட்டையே பிளந்து நாக்காக்கும் பூட்டுக்கு 1906-லேயே அமெரிக்காவில் வாட்சன், சாட்விக் இருவர் பெயரில் காப்புரிமை பதிவாகியிருக்கிறது. மின்பணியாளர்களுக்கான டிஎல்-29 கத்தியில் திருப்புளி அலகை நிறுத்திப் பிடித்தது அந்தப் பூட்டுதான். அவற்றில் கைப்பிடியின் முதுகில் இருந்து அலகை அழுத்தும் முதுகு வில் தனியாக இருந்தது. மூடிய நிலையில் அலகைப் பிடித்து வைத்ததும் அந்த வில்லே. வாக்கர் அந்த வில்லை நீக்கினார், ஸ்டாப் பின்னை வைத்தார், நாக்கில் ஒரு சிறு குண்டைப் பதித்து, மூடிய நிலையில் அது அலகிலுள்ள குழியில் விழும்படி செய்தார். ஒரே கையால் திறந்து மூடுவது அதனால் எளிதானது.

பழைய இரும்பு
ஒப்புக்கொள்கிறேன், நல்ல விவரம். ஆனால் டைட்டானியம் வேண்டும் என்பதை இது மாற்றவில்லை.

வெர்னியர்
மாற்றவில்லை, ஆனால் டைட்டானியத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. எஃகு முகத்தில் அது ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. சரிவைக் குறைத்துக்கொண்டே போனால் நாக்கு இறுகி, கட்டைவிரலால் தள்ளினாலும் வராது. பிடியே நாக்காக இருக்கும் கிறிஸ் ரீவ் வகைப் பூட்டுகளிலும் இந்தப் பேச்சு எழுவதுண்டு. மாந்தோப்பு அவர்களின் கைவசம் இருக்கும் வசதிக்கு ஈஎன்42ஜே பட்டை வில் எஃகு எளிது என்பது என் எண்ணம். வெட்டி, வளைத்து, துளையிட்ட பிறகு துவைச்சல் போட்டு, மேற்பரப்பில் நீலம் பாயும் வரை, ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு, மறுபடி சூடாக்கி இறக்கினால் வில்தன்மை நிற்கும். துருப்பிடிக்கும், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

மாந்தோப்பு, மூடிய நிலைக்கான குண்டு உங்கள் நாக்கில் இருக்கிறதா? அதையும் நீங்கள் சொல்லவில்லை.

பழைய இரும்பு
எந்த உலோகம் போட்டாலும் கடைசியில் ஒரு சோதனை போதும். கத்தியைத் திறந்து, முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டுங்கள். மடங்கினால் பூட்டு பயனற்றது.

நெம்புகோல்
இந்தச் சோதனையை நான் ஏற்கவில்லை. ஓங்கித் தட்டும்போது அலகு துள்ளி, ஒரு கணம் டேங் முகத்திலிருந்து நாக்கின் அழுத்தம் விலகுகிறது. அந்தக் கணத்தில் நாக்கு தன் எடையாலேயே பக்கவாட்டில் நகர முடியும். பூட்டு நிலையான சுமையை நன்றாகத் தாங்கினாலும் தட்டும்போது விடக்கூடும். யாரும் கத்தியின் முதுகால் மேசையை அடித்து வேலை செய்வதில்லை. பிடியை வைசில் (பட்டறை இடுக்கியில்) முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி மெத்தை வைத்துப் பிடித்து, அலகின் முதுகில் சிறிது சிறிதாக எடையை ஏற்றுவதே நேர்மையான சோதனை.

பழைய இரும்பு
விரல் போவது நிலையான சுமையில் அன்று, எதிர்பாராத தட்டில்தான். கிளையை வெட்டும்போது கத்தி சிக்கி, இழுத்த வேகத்தில் முதுகு வேறொரு கிளையில் மோதாதா? எடை ஏற்றுவதை மட்டும் செய்துவிட்டுப் பூட்டு பத்திரமானது என்று சொன்னால், அந்தக் கத்தியை என் மகன் கையில் நான் கொடுக்க மாட்டேன்.

சாணைக்கல்
இருவரும் ஒரே அளவைப் பற்றிப் பேசவில்லை. உள்ளங்கையிலோ மரக்கட்டையிலோ மெல்லத் தட்டிப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கம்தான், அதில் மோசமான சரிவு உடனே தெரிந்துவிடும். ஓங்கி அடிப்பது நாக்கின் நுனியை நசுக்கி, நன்றாக இருந்த பூட்டையும் கெடுக்கும். எடையில் தாங்கிய பிறகு மெல்லத் தட்டுங்கள், அதற்குமேல் தேவையில்லை. எந்தச் சோதனையாக இருந்தாலும் அலகுக்கு இன்னும் கூர் வைக்காத நிலையில் செய்யுங்கள். பூட்டு சரியாகும் முன்பே சாணை பிடித்துவிட்டுக் கையை வெட்டிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரக்கைப்பிடி
வளையத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன். பூட்டே இல்லாவிட்டாலும் குடி மூழ்காது. ஒட்டு, மொட்டுக் கட்டும் கத்திகளில் பெரும்பாலானவை முதுகு வில்லால் மட்டுமே நிற்பவை. இழுத்து வெட்டும் வேலையில் விசை அலகைத் திறக்கும் பக்கமாகத்தான் போகிறது.

உலைக்களம்
அதை நானும் ஏற்கிறேன். ஆனால் குச்சியில் அலகைப் பதித்துவிட்டு அசைத்து வெளியே எடுக்கிறோமே, அப்போது விசை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பூட்டு வேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார், அந்தப் பூட்டைச் சரிசெய்யத்தான் கேட்கிறார்.

மாந்தோப்பு
எல்லோருக்கும் நன்றி. பெட்ரோலில் துடைத்தவுடன் மறுபடி பிடிக்கிறது. நண்பர் பட்டறையில் பெவல் புரொட்ராக்டர் என்ற கோணமானி வைத்துப் பார்த்தோம், சரிவு 13 பாகை. மை பிவட்டை ஒட்டிய மேல் மூலையில்தான் அழிகிறது. ஈஎன்42ஜே பட்டை கிடைத்துவிட்டது. இப்போது அலகின் சரிவை 8 பாகைக்கு மாற்றினால் இதே நீளத்தில் நாக்கை வெட்டலாமா? பிவட் துளைக்கு ரீமர் போடவில்லை.

வெர்னியர்
அதே நீளத்தில் வெட்டாதீர்கள். நாக்கு நுழையும் பக்கத்து விளிம்பை அப்படியே விட்டுவிட்டு 13-லிருந்து 8-க்கு இறக்கினால், 3 மி.மீ. தடிமனுள்ள அலகில் எதிர்ப்பக்க விளிம்பில் ஏறக்குறைய 0.27 மி.மீ. உலோகம் போய்விடும், நடுவில் அதில் பாதி. பழைய நீளத்து நாக்கு முகத்தைத் தொடுவதற்கு இன்னும் ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போக வேண்டியிருக்கும். இப்போதே பாதியைத் தாண்டி நிற்பதாகச் சொன்னீர்கள், ஆகவே எதிர்த் தகட்டில் போய் முட்டிவிடும். புதிய நாக்கை அரை மில்லிமீட்டர் நீளமாகவே விட்டு, முதலில் பிவட் துளைக்கு ரீமர் போட்டு, ஸ்டாப் பின்னையும் பொருத்திய பிறகு, அரத்தால் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பொருத்துங்கள். புதிய கத்தியில் நாக்கு அலகுத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நின்றால் தேய்வதற்கு இடம் இருக்கும். நுனியின் மேல் மூலையை லேசாகத் தேய்த்துவிட்டால் கீழ்ப்பக்கம் மட்டும் தொடும். அலகைக் கிரைண்டரில் கையால் பிடிக்காமல், 8 பாகைக்கு ஒரு ஆப்புக் கட்டை செய்து அதில் வைத்துத் தேய்ப்பது நல்லது. அடிக்கடி நீரில் நனைக்கவும், டேங் நிறம் மாறும் அளவுக்குச் சூடேறக் கூடாது.

பழைய இரும்பு
அரத்தில் அதிகமாக எடுத்துவிட்டால் 4.2 மி.மீ. பின் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சாணைக்கல்
இந்த முறை பழைய இரும்பு சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

மாந்தோப்பு
புதிய நாக்கு போட்டாயிற்று. 8 பாகை, ரீமர் போட்டேன், 4.1 பின் தேவைப்பட்டது. வைசில் பிடித்து 5 கிலோ தொங்கவிட்டேன், அசையவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தபோதும் பிடித்தது. மூடும்போது நாக்கு சற்று ஒட்டுகிறது, முகத்தில் பென்சில் கரியைத் தேய்த்தேன், இப்போது வருகிறது. தோட்டத்துக்குக் கிளம்புகிறேன்.

உலைக்களம்
பென்சில் கரி சில நாளில் போய்விடும். நுனியை 1000 எண் உப்புத்தாளில் வைத்து மழமழப்பாக்குங்கள், அரத்தின் கோடுகள்தான் ஒட்டுவதற்குக் காரணமாக இருக்கும். கரியும் உராய்வைக் குறைக்கும் பொருள்தான் என்பதால், அதைப் பூசிய நிலையில் ஒருமுறை எடையைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போங்கள்.

வெர்னியர்
மூடிய நிலைக்கான குண்டு இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இல்லையென்றால் சட்டைப் பையில் போடாதீர்கள், தானாகத் திறக்கும்.